சந்திரகாந்த மாளிகையின் மாந்தர்

ஆங்கிலத் துப்பறியும் நாவல்களைப் படிப்போர்க்கு ஒரு வீடு நன்கு பழக்கமானது. நகரத்துக்கு அப்பால், தோட்டமும் புற்றரையும் சூழ நிற்கும் பெரியதொரு மாளிகை அது. அதிலே ஒரு சீமாட்டி, அவருடைய மகள், விருந்துக்கு வந்த உறவினர் சிலர், ஒரு வைத்தியர், குடும்பத்தின் சட்டத்தரணி, அடுக்களையிலும் படிக்கட்டிலும் ஓசையின்றி நடமாடும் பணியாளர் ஆகியோர் இருப்பர். ஓரிரவு கதவுகள் உள்ளே தாழிடப்படுகின்றன. மறுநாட் காலையிலே ஒரு பொருள் காணாமற் போயிருக்கிறது; அல்லது ஓர் உயிர் போயிருக்கிறது. வெளியிலிருந்து எவரும் வந்து போனதற்குச் சான்றில்லை. ஆகவே, குற்றஞ் செய்தவர் நேற்றிரவு இவ்வீட்டில் உண்டு உறங்கியவருள் ஒருவராகவே இருத்தல் வேண்டும். அவர் யார்?

இந்த வினாவை எழுப்புவதற்கு எழுத்தாளருக்கு முதலில் வேண்டியது மாந்தரின் வட்டம் ஒன்று. அவ்வட்டம் சிறிதாக இருத்தல் வேண்டும். அதிலுள்ளோர் ஒருவரையொருவர் அறிந்தவராகவும், அதே வேளையில் அறியாதவராகவும் இருத்தல் வேண்டும். நாட்டுப்புற மாளிகை இதற்கு வாய்ப்பான இடமே. ஆயினும் அம்மாளிகைக்கு இன்னொரு பண்பும் உண்டு. அங்கே மனிதர் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கிறார்கள். முன்வாசற் படிக்கட்டால் ஏறுவோர் சிலர். பின்வாசற் படிக்கட்டால் ஏறுவோர் சிலர். ஒருவருடைய பெட்டியைப் பொலிசார் தயங்காமல் திறக்கலாம்; இன்னொருவருடைய அலுமாரியைத் திறப்பதற்கோ அவரிடம் பணிவாக வேண்டிக்கொள்ளுதல் வேண்டும். மேட்டிலே பெய்த மழை பள்ளத்தை நாடி ஓடுவது போல, அவ்வீட்டில் எழும் ஐயமும் மேலிருந்து கீழ் நோக்கியே ஓடும். இந்த ஓட்டத்தை நன்கு கண்டு அதனையே கதையாக்கியவர் வில்கி கொலின்ஸ். அவருடைய நாவலின் பெயர் 'மூன்ஸ்ரோன்'. தமிழிலே சந்திரகாந்தம் எனலாம்.

இந்நாவல் 1868 ஆம் ஆண்டு சனவரி முதல் ஓகஸ்ற் வரை, சாள்ஸ் டிக்கின்ஸ் நடத்திய வார இதழிலே தொடர்கதையாக வந்தது. அவ்வாண்டிலேயே மூன்று பாகங்களாக நூலுருவும் பெற்றது. எழுதிய காலத்திலே கொலின்சின் தாயார் மரணப் படுக்கையிற் கிடந்தார். கொலின்சும் முடக்குவாத நோயால் வருந்தி, வலி தீர அபின் கலந்த மருந்தை உட்கொண்டு வந்தார். அந்த மருந்தே கதையின் முடிச்சுக்குள்ளும் புகுந்துகொண்டது. அறுபது ஆண்டுகளின் பின், 1927 இல், கவிஞர் ரி. எஸ். எலியற் ஆங்கிலத் துப்பறியும் நாவல்களுள் முதலாவதும் சிறந்ததும் இதுவே என்று மதிப்பிட்டார். முதலாவது என்பதிலே ஆராய்ச்சியாளர் சிலருக்குக் கருத்து வேறுபாடு உண்டு. சிறந்தது என்பதை மறுத்தவர் அதிகம் இல்லை.

நூலை இன்னும் படியாத நேயர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இவ்வுரையிலே கள்வனின் பெயர் வெளியாகும். 1868 ஆம் ஆண்டிலேயே அம்பலமாகிவிட்ட இரகசியமாதலால் அதனை மறைப்பதிற் பயனில்லை. கள்வன் யாரென்று தெரிந்த பின்னும் படிக்கத் தகுந்த துப்பறியும் நாவல்கள் மிகச் சிலவே. இது அவற்றுள் ஒன்று.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். இலங்கையிலே மீத்தியாகொடைப் பகுதியில் அகழ்ந்தெடுக்கப்படும் பால்நிறச் சந்திரகாந்தக்கல் அன்று இது. பழைய சிங்கள விகாரைகளின் வாயிற்படியிலே காணப்படும் அரைவட்டக் கல்லும் அன்று. ஆங்கிலத்தில் இவை இரண்டுக்கும் அதே பெயர் வழங்குவதால் மயக்கம் ஏற்படலாம். கொலின்ஸ் கூறுவது மஞ்சள் நிறமான ஒரு பெரிய வைரம். சோமநாதபுரத்திலே சந்திரதேவனின் நெற்றியை அலங்கரித்ததென்றும், பின்பு படையெடுப்புக்களாற் கைமாறித் திப்பு சுல்தானின் அரண்மனையைச் சேர்ந்ததென்றும் கதை கூறுகிறது. சோமநாதம் உண்மையிலே சிவபெருமானின் தலம். இந்தியாவுக்கு ஒருபோதும் வந்திராத கொலின்ஸ் அதனைச் சந்திரன் கோயிலாக்கிவிட்டார். எனினும் வைரத்தைக் கவரும் காட்சியை அவர் அமைத்த இடமும் நாளும் சரித்திரத்துக்கு உரியன. 1799 மே 4 ஆந் திகதி ஆங்கிலப் படை சீரங்கபட்டணத்துக் கோட்டையைப் பிடித்தது. திப்பு அன்று களத்திலே மாண்டார். கொள்ளையிடலாகாதென்று தளபதி ஆணையிட்டிருக்க, ஜோன் ஹேர்ன்காசில் என்னும் அதிகாரி, வைரத்தைக் காத்து நின்றவர்களைக் கொன்று அதனைக் கைப்பற்றுகிறான். கதையின் முதற் களவு இதுவே. செய்தவன் உயர்குடிப் பிறந்த ஆங்கிலேயன். அதற்காக அவன் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. குடும்பத்தவர் அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டனர், அவ்வளவே.

இனி மாளிகைக்கு வருவோம். யோர்க்சயர்க் கடற்கரையோரத்திலே வெரிண்டர் சீமாட்டியின் வீடு. சீமாட்டி ஹேர்ன்காசிலின் சகோதரி. அவருடைய ஒரே மகள் றேச்சலுக்கு 1848 யூன் 21 ஆந் திகதி பதினெட்டாவது பிறந்தநாள். மாமனார் இறக்கும்போது எழுதிவைத்தபடி, வைரம் அவளுக்குப் பிறந்தநாட் பரிசாக வருகிறது. அன்பினால் தந்தாரோ, சாபம் பிடித்த பொருளைத் தன்னை ஒதுக்கிய சகோதரியின் வீட்டுக்குள் வேண்டுமென்றே அனுப்பினாரோ, யாருக்குந் தெரியாது. கொண்டுவந்து கொடுப்பவன் றேச்சலின் மைத்துனன் பிராங்ளின் பிளேக். பல நாடுகளிற் படித்துத் திரும்பிய இளைஞன், நல்லவன், கடன் வாங்குவதிலே தாராளமானவன். இன்னொரு மைத்துனன் கொட்பிறி ஏபிள்வைற். மாதர் நடத்தும் தருமசங்கங்களிலே பேசிப் புகழ் பெற்றவன். இருவரும் றேச்சலை மணக்க விரும்புவோர். விருந்துக்கு இருபத்துநால்வர் அமர்கின்றனர். ஊர் வைத்தியர் கான்டி, இந்தியாவில் அலைந்து திரிந்த மேர்த்வெயிற் என்னும் பயணி, இன்னும் பலர். அன்று மாலை, மூன்று இந்தியர் செப்படி வித்தைக்காரர் வேடத்திலே முற்றத்துக்கு வந்து போகிறார்கள். இரவு றேச்சல் வைரத்தைத் தன் அறையிலுள்ள சிறிய அலுமாரியில் வைக்கிறாள். விடிந்ததும் அதனைக் காணவில்லை.

முதலில் வருபவர் அயலூர்ப் பொலிஸ் அதிபர் சீகிறேவ். உரத்த குரலும் இராணுவ மிடுக்கும் உடையவர். வந்த உடனே அவருடைய பார்வை பணியாளர் மீது விழுகிறது. மாடிப்படியிலே காவல் வைக்கிறார். பணிப்பெண்கள் தங்கள் அறைகளுக்குப் போகக் கூடாதென்கிறார். அவர்கள் கூட்டமாக வந்து முறையிட, அதட்டுகிறார். றேச்சலின் அறைக் கதவிலே புதிதாகத் தீட்டிய வர்ணத்தில் ஓரிடம் உராய்ந்து கலைந்திருப்பது அவர் கண்ணிற் படத்தான் செய்கிறது. பெண்களின் பாவாடை பட்டிருக்கும், சிறு விடயம் என்று தள்ளிவிடுகிறார். இந்தியர் மூவரையும் பிடித்து மறியலில் வைக்கிறார்கள். அவர்களோ அன்றிரவு அயலூர் விடுதியை விட்டு வெளியேறவில்லை என்பது விசாரணையில் வெளியாகிறது. பணியாளர், பின்பு பிறநாட்டார்: ஐயத்தின் முதலிரு பாய்ச்சல்களும் எதிர்பார்த்த திசையிலேயே பாய்ந்தன.

இவற்றையெல்லாம் எடுத்துரைப்பவர் அவ்வீட்டின் காரியஸ்தர் கேபிரியல் பெற்றறெட்ஜ். கொலின்ஸ் படைத்த மாந்தருள் வாசகர் உள்ளத்தை முதலிற் கவர்பவர் இவரே. எழுபது வயதைக் கடந்தவர்; சிறுவனாகப் புகுந்த குடும்பத்தையே உலகமெனக் கருதுபவர்; 'றொபின்சன் குறூசோ' என்னும் நூலை வேதம் போலப் போற்றி, எந்த இக்கட்டிலும் அதனைத் திறந்து குறி பார்ப்பவர். ஆறு பிரதிகள் அவர் கையிலே கிழிந்து தேய்ந்துவிட்டன. பணியாளர் மீது பழி வந்தபோது மனம் நோகிறவரும், சீமாட்டியின் குடும்பத்தின் மீது ஐயம் வந்தபோது அதைவிடப் பெருங் கோபங்கொள்கிறவரும் அவரே. அவர் பணியாளருக்குத் தலைவர்; அதே வேளையில் தாமும் பணியாளர். இரண்டு படிக்கட்டிலும் ஏறி இறங்கும் ஒருவர் வாயிலாகவே அம்மாளிகையை முழுமையாகக் காட்ட முடியும் என்று கொலின்ஸ் கண்டுகொண்டது அவருடைய மதிநுட்பத்துக்குச் சான்று. ஆனால் பெற்றறெட்ஜுக்குத் தெரியாதவையும் உண்டு. அவருடைய மகள் பெனலப்பி கூர்ந்து கண்டு சொன்ன பல செய்திகளைப் பெண்பிள்ளைப் பேச்சென்று சிரித்துத் தள்ளுகிறார். அவற்றுள் ஒன்றைக் கேட்டிருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கலாம்.

சீகிறேவ் கைவிட்ட வழக்கைத் தொடர்வதற்கு இலண்டனிலிருந்து சார்ஜன்ற் கஃப் வருகிறார். மெலிந்த உடல், கறுத்த உடை, துக்க வீட்டுக்கு வந்தவர் போன்ற முகம். திருடரைப் பிடிப்பது அவர் தொழில். றோசாச் செடி வளர்ப்பது அவர் ஆசை. வீட்டுக்கு வந்ததும் தோட்டக்காரனோடு றோசாப் பாத்தியின் நடைபாதை பற்றித் தர்க்கம் தொடங்குகிறார். இத்தகைய விசித்திரப் பழக்கத்தைத் துப்பறிவாளருக்குச் சூட்டும் வழக்கம் பின்னாளிலே பெருகி அலுப்புத் தட்டுமளவுக்கு வந்துவிட்டது. கஃப் அதன் தொடக்க காலத்தவர். இவரிடத்தில் அது இன்னும் வாடவில்லை. கதவிலே வர்ணம் கலைந்த இடத்தைக் கண்டதும், எத்தனை மணி நேரத்தில் அவ்வர்ணம் உலரும் என்று கேட்கிறார். பன்னிரண்டு மணி நேரம். முதல்நாட் பிற்பகல் மூன்று மணிக்குத் தீட்டி முடிந்தது. ஆகவே விடியற்காலை மூன்று மணிக்கு உலர்ந்துவிட்டது. காலையிலே கூடிய பெண்களின் பாவாடை அதனைக் கலைத்திருக்க முடியாது. நள்ளிரவிலே பெனலப்பி பார்த்தபோது அது கலையாதிருந்தது. எனவே, நள்ளிரவுக்கும் மூன்று மணிக்கும் இடையில் அக்கதவைக் கடந்தவர் ஆடையிலே வர்ணக் கறை இருந்தே தீரும். அந்த ஆடை எங்கே?

இக்கேள்விக்கு விடை காண, வீட்டிலுள்ள எல்லோருடைய ஆடைகளையும் பார்வையிடவேண்டும், சீமாட்டி முதலாக அனைவரும் இசையவேண்டும் என்கிறார் கஃப். இது சீகிறேவ் செய்த சோதனை போன்றதன்று. வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேதமின்றி எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது. பணியாளர் மனமுவந்து இசைகின்றனர். மறுப்பவள் வீட்டின் செல்வ மகள் றேச்சல் ஒருத்தியே. அவ்விடத்தில் கஃபின் ஐயம் மேல்மாடியை நோக்கித் திரும்புகிறது. கதைக்குள் இருந்தவர் மட்டுமன்றி, அக்கால வாசகரும் இவ்விடத்தில் ஒருகணம் மூச்சடக்கியிருப்பர். காரணம் உண்டு.

எட்டு ஆண்டுகளுக்கு முன், 1860 யூன் 29 ஆந் திகதி இரவு, வில்ற்சயர்ப் பகுதியிலே ரோட் என்னும் கிராமத்து மாளிகையொன்றில் நான்கு வயது நிரம்பாத சவில் கென்ற் என்னும் குழந்தை கொல்லப்பட்டது. உள்ளூர்ப் பொலிசார் முதலிற் குழந்தையின் தாதியையே பிடித்தனர். பின்பு இலண்டனிலிருந்து சென்ற ஜொனதன் விச்சர் என்னும் துப்பறியும் அதிகாரி, சலவைக்குப் போட்ட துணிகளின் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்து, ஓர் இரவு அங்கி குறைவதைக் கண்டார். அது வீட்டுக்காரரின் பதினாறு வயது மகள் கொன்ஸ்ரன்சின் அங்கி. அவர் அப்பெண்ணைக் கைது செய்தார். தொழிலாளர் குடும்பத்திலே பிறந்த ஒரு பொலிஸ்காரன் கனவானின் மகள் மீது கை வைப்பதா என்று நாடு கொதித்தது. சான்று போதாதென்று அவள் விடுவிக்கப்பட்டாள். விச்சரின் நற்பெயர் கெட்டது. 1865 ஆம் ஆண்டிலே கொன்ஸ்ரன்ஸ் தானே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். விச்சர் அதற்கு முன்னரே வேலையை விட்டு ஓய்வு பெற்றிருந்தார். கறைபட்ட அங்கியையும் சலவைக் கணக்கையும் கொலின்ஸ் இவ்வழக்கிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

ஆனால் விச்சர் சரியாகக் கண்டார். கஃபோ தவறாகக் கண்டார். அங்கி பற்றிய கணக்கிலே கஃப் பிழைவிடவில்லை. மனிதரைப் பற்றிய கணக்கிலேதான் பிழைவிட்டார். இரகசியக் கடனுள்ள இளம் சீமாட்டிகள் தம் நகையையே களவு கொடுத்ததாக நடிப்பதை அவர் இலண்டனிலே பலமுறை கண்டவர். றேச்சலும் அவ்வாறே செய்தாள், அவளுக்குக் கையாளாக இருந்தவள் பணிப்பெண் றொசானா என்று முடிவு கட்டினார்.

றொசானா ஸ்பியர்மனே இந்நாவலின் ஆழமான பாத்திரம். ஒரு தோள் மற்றதிலும் உயர்ந்த, அழகற்ற பெண். இலண்டனிலே திருடிச் சிறை சென்றவள். திருந்தியவர்க்கான இல்லத்திலே அவளைக் கண்ட சீமாட்டி இரக்கங்கொண்டு தன் வீட்டிலே வேலை கொடுத்தார். சீமாட்டிக்கும் றேச்சலுக்கும் பெற்றறெட்ஜுக்கும் மட்டுமே அவளுடைய பழங்கதை தெரியும். மற்றப் பணிப்பெண்களோடு அவள் அதிகம் பேசுவதில்லை. ஓய்வு கிடைத்தால் கடற்கரையிலே 'நடுங்கு மணல்' எனப்படும் புதைமணலின் ஓரத்திற் போய் இருப்பாள். அலை திரும்பும் வேளையில் அம்மணற்பரப்பு முழுவதும் உயிருள்ளது போல நடுங்கும். அவளுக்கு அவ்விடத்தை விட்டு வர மனமில்லை.

பிராங்ளின் பிளேக் அவ்வீட்டுக்கு வந்த நாள்முதல் றொசானா அவனிடத்து மனத்தைப் பறிகொடுத்தாள். அவனோ அவளைக் கண்டதேயில்லை. கண்ணாற் கண்டிருப்பான், கருத்தாற் காணவில்லை. றேச்சல் தந்த றோசா மலரை அவன் அங்கியிலே செருகிக்கொள்வது வழக்கம். இரவிலே அது தண்ணீர்க் குவளையில் இருக்க, றொசானா அதனை எடுத்தெறிந்துவிட்டுத் தான் பறித்த மலரை வைப்பாள். அவன் வேறுபாடு தெரியாமல் அதனை அணிந்து செல்வான். இவ்வளவே அவளுடைய காதல் வாழ்வு. இதனை எழுதிய கொலின்ஸ் நகைக்கவும் இல்லை, கண்ணீர் வடிக்கவும் இல்லை. அவளைக் கொண்டே சொல்லவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

வைரம் காணாமற்போன காலையிலே பிராங்ளினின் படுக்கையைச் சீர்செய்யச் சென்றவள் அவனுடைய இரவு அங்கியிலே வர்ணக் கறையைக் காண்கிறாள். சார்ஜன்ற் கஃப் வீடெங்கும் தேடப்போகும் பொருள், எவரும் தேடுவதற்கு முன்னரே, ஒரு வேலைக்காரியின் கையிலே இருந்தது. அவள் அதனை மறைத்தாள். ஊருக்குச் சென்று துணி வாங்கி, இரவு முழுதும் தைத்து, அதே போன்ற வேறோர் அங்கியை அவனுடைய துணிகளோடு வைத்தாள். கறைபட்டதைத் தகரப் பெட்டியில் இட்டு நடுங்கு மணலிலே சங்கிலியாற் கட்டி அமிழ்த்தினாள். அவனைக் காப்பாற்றியதாக எண்ணினாள்; அதனை அவனுக்குச் சொல்ல விரும்பினாள். இருமுறை அருகே சென்றும் சொல்ல வாய்க்கவில்லை. மூன்றாம் முறை, கஃப் சூழ்ச்சியாக அவள் செவியிற் படும்படி, அந்தப் பெண்ணிலே தங்களுக்கு அக்கறை உண்டா என்று பிராங்ளினிடம் வினவினார். அவளுக்குத் தீங்கு வரக்கூடாதென்று நினைத்த பிராங்ளின், சிறிதும் இல்லை என்று உரக்க விடையளித்தான். நல்லெண்ணத்தாற் சொன்ன சொல்தான். அன்று மாலை அவள் நடுங்கு மணலிலே இறங்கினாள். உடல் மீளவில்லை.

வைரக் களவு பற்றிய நாவல் என்றே இதனை எல்லோரும் கூறுவர். அம்மாளிகையிலே நடந்த உண்மையான இழப்பு இப்பெண்ணின் உயிரே. அதற்கு விசாரணை நடந்தது, குற்றவாளி எவருமில்லை. சீகிறேவின் அதட்டல், கஃபின் சூழ்ச்சி, பெற்றறெட்ஜின் சிரிப்பு, பிராங்ளினின் கவனக்குறைவு, அவள் முன்னாளிற் செய்த திருட்டை அறிந்தவர் அறியாதவர் எல்லோருடைய பார்வை, இவையெல்லாம் சேர்ந்து செய்த காரியம் அது. அவள் எழுதிவைத்த கடிதத்தை, கால் ஊனமுற்ற லூசி என்னும் மீனவர் மகள் பிராங்ளினின் கையிலன்றி வேறெவர் கையிலும் கொடேன் என்று வைத்திருந்தாள். அவனோ றேச்சலின் வெறுப்பைத் தாங்காமற் கீழை நாடுகளுக்குச் சென்றுவிட்டான். ஓராண்டு கழித்து அவன் திரும்பி வந்து, கடிதம் சொன்னபடி மணலைத் துழாவிப் பெட்டியை எடுத்துத் திறந்து, கறைபட்ட அங்கியின் கழுத்திலே எழுதியிருந்த பெயரைப் படிக்கிறான். அது அவனுடைய பெயர்.

கள்வனைத் தேடிப் புறப்பட்டவன் தன்னையே காண்கிறான். வாய்மையாக, அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. றேச்சல் அன்றிரவு மறைவில் நின்று, அவன் வைரத்தை எடுத்ததைத் தன் கண்ணாலேயே கண்டாள். காட்டிக் கொடுக்க மனமின்றி மௌனமாயிருந்தாள். அலுமாரியைத் திறக்க மறுத்தது தன்னைக் காப்பதற்கன்று, அவனைக் காப்பதற்கே. ஒரே வீட்டிலே ஒருத்தி மேல்மாடியிலும் ஒருத்தி பின்கட்டிலுமாக இருவர், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே மனிதனைப் பாதுகாத்துக்கொண்டிருந்தனர். ஒருத்திக்கு மௌனம் பெருமையாயிற்று. மற்றவளுக்கு அது மரணமாயிற்று.

கொட்பிறி ஏபிள்வைற் இவ்வளவு நேரமும் எங்கே என்று நேயர்கள் கேட்கலாம். அவனைப் பற்றி விரிவாகக் கூறுபவர் மிஸ் கிளாக். குடும்பத்தின் ஏழை உறவினர். போகும் வீடெல்லாம் பக்திப் பிரசுரங்களைத் தலையணைக்கடியிலும் பூச்சாடிக்கிடையிலும் ஒளித்துவைத்துப் பிறருக்கு ஈடேற்றம் தேடுபவர். அவரும் கொட்பிறியும் உறுப்பினராயுள்ள சங்கமொன்று, அடகுக் கடைகளிலே தகப்பன்மார் வைத்த காற்சட்டைகளை மீட்டு, மகன்மாருக்கு அளவாகச் சிறிதாக்கிக் கொடுக்கும். படிக்கும்போது சிரிப்பு வரும். கொட்பிறியும் பெரியதொரு பொருளை அடகு வைத்தவனே என்பது பின்பு தெரியும்போது அச்சிரிப்பு வேறாகும். இளைஞன் ஒருவனுக்கு உரிய இருபதினாயிரம் பவுணைப் பொறுப்பாளனாயிருந்து தின்றுவிட்டவன் அவன். நகர்ப்புறத்திலே இரகசியமாக இன்னொரு வீடும் வைத்திருந்தான். மிஸ் கிளாக் அவனைப் புனிதரென்றே எழுதுகிறார். அவருடைய கண்மூடித்தனத்தைப் பரிகசிப்பதிலே கொலின்ஸ் சற்று அளவு மீறிவிட்டார். ஏழையும் முதிர்கன்னியுமான ஒருவரிடத்து றொசானாவுக்குக் காட்டிய பரிவிலே பாதியையாவது காட்டியிருக்கலாம்.

முடிச்சை அவிழ்ப்பவர் துப்பறிவாளர் அல்லர். வைத்தியர் கான்டியின் உதவியாளர் எஸ்றா ஜெனிங்ஸ். குடியேற்ற நாடொன்றிலே ஆங்கிலத் தந்தைக்கும் வேற்றினத் தாய்க்கும் பிறந்தவர், கரிய முகம், கறுப்பும் வெளுப்பும் கலந்த தலைமயிர், பொய்ப் பழியொன்றால் ஊரூராகத் துரத்தப்பட்டவர், தீரா நோயின் வேதனையை அபினால் ஆற்றுபவர். ஊரார் அவரை விரும்புவதில்லை. பிறந்தநாள் விருந்திலே பிராங்ளின் வைத்தியத் தொழிலை இகழ்ந்து பேச, தொழிலின் மானங் காக்க நினைத்த கான்டி, அவனறியாமல் அபின் மருந்தை அவன் பானத்திற் கலப்பித்தார். அன்றிரவே மழையில் நனைந்து காய்ச்சலுற்று நினைவையும் இழந்தார். சன்னியிலே அவர் உளறிய துண்டு வார்த்தைகளைக் குறித்துவைத்து, இடைவெளிகளை நிரப்பி, உண்மையைக் கண்டவர் ஜெனிங்ஸ். 1849 யூன் மாதத்திலே அதே வீட்டை முன்போலச் சோடித்து, சாட்சிகளை இருத்தி, பிராங்ளினுக்கு மீண்டும் அபின் கொடுக்கிறார். அரைத் தூக்கத்தில் எழுந்த பிராங்ளின், வைரத்துக்குப் பதிலாக வைத்த பளிங்கை அதே அலுமாரியிலிருந்து எடுக்கிறான். அதனைக் காப்பாக வைக்கவேண்டும் என்ற கவலையே அவனை நடத்தியது. அவன் பழி தீர்ந்தது. ஓராண்டுக்கு முன் அதே மயக்கத்தில் வைரத்தைக் கொட்பிறியிடம் கொடுத்து, கொட்பிறியின் தந்தையுடைய வங்கியிலே சேர்க்கச் சொன்னான். கொட்பிறி தனக்கே வைத்துக்கொண்டான். வட்டிக்காரன் லூக்கரிடம் அதனை இரண்டாயிரம் பவுணுக்கு அடகு வைத்து, ஓராண்டின் பின் மீட்டு, மாலுமி வேடத்திலே நாட்டை விட்டோட முயன்றபோது, தேம்ஸ் நதியருகே ஒரு மலிவான விடுதியில் இந்தியர் அவனைத் தலையணையால் மூச்சடைத்துக் கொன்று வைரத்தை மீட்டனர். பொய்த் தாடியையும் பொய்ம்முடியையும் பற்றி இழுத்து முகத்தை வெளிப்படுத்துபவர், ஓய்விலிருந்து திரும்பி வந்த கஃப். இம்முறை அவர் கணக்குப் பிழைக்கவில்லை. ஜெனிங்ஸ் சிறிது காலத்தில் இறந்துபோகிறார். தம் குறிப்பேடுகளைத் தம்மோடே புதைத்துவிட்டுக் கல்லறையிலே பெயரும் பொறிக்கவேண்டாம் என்பது அவர் விருப்பம்.

திருமகள் வாழும் மாளிகையிலே தேடிய உண்மை, வேலைக்காரியின் கடிதத்திலும் கலப்பினத்தவரின் குறிப்பேட்டிலும் கிடந்தது. பின்வந்த எழுத்தாளர் கொலின்சிடமிருந்து மாளிகையைப் பெற்றுக்கொண்டனர். அதன் ஓரத்து மனிதரைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். 1920 ஆம் ஆண்டு வெளிவந்த அகதா கிறிஸ்ரியின் முதல் நாவல் ஸ்ரைல்ஸ் என்னும் மாளிகையிலே நடப்பது. அங்கே டோர்க்கஸ் என்னும் முதிய பணிப்பெண் நல்லவள், நம்பத்தக்கவள். தான் கேட்டதைத் துப்பறிவாளரிடம் சொல்வதோடு அவள் வேலை முடிந்துவிடுகிறது. 1928 ஆம் ஆண்டிலே அமெரிக்க எழுத்தாளர் வன் டைன் துப்பறியும் கதைக்கு இருபது விதிகளை வகுத்தபோது, வேலைக்காரரைக் குற்றவாளியாக்கலாகாது என்பதையும் ஒரு விதியாக வைத்தார். குற்றஞ் செய்பவர் கவனிக்கத் தகுந்த ஆளாக இருக்கவேண்டுமாம். இது பணியாளர்க்குக் கிடைத்த விடுதலை போலத் தோன்றும். உண்மையில், ஐயப்படுவதற்கும் தகுதியற்றவரென அவர்களைக் கதைக்கு வெளியே அனுப்பியதாயிற்று.

இதிலே வியப்பென்னவெனில், இவ்வேலையைத் தொடக்கி வைத்தவரும் கொலின்சே. 1877 ஆம் ஆண்டு அவர் தம் நாவலை நாடகமாக்கி இலண்டனில் அரங்கேற்றினார். அதிலே றொசானா இல்லை, ஜெனிங்ஸ் இல்லை, இந்தியரும் இல்லை, அபின்கூட இல்லை. இராவுணவு செரியாமையால் பிராங்ளின் தூக்கத்தில் நடக்கிறான். ஒரே கூடத்திலே, ஒரு நாளுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. மேடையின் வசதிக்காகச் செய்ததாக இருக்கலாம். நாடகம் பெரும் புகழ் பெறவில்லை.

மேடையில் இடம் பெறாத அந்த மூன்று இந்தியருக்கே நாவலின் கடைசிப் பக்கங்கள் உரியவை. வைரத்தைக் காத்து நின்ற மூவர் மாளும்போது வேறு மூவர் அப்பணியை ஏற்பது மரபென்றும், அவர்கள் பிராமணர் என்றும் கொலின்ஸ் கூறியிருந்தார். கடல் கடந்தும், வித்தைக்காரர் வேடம் பூண்டும் அவர்கள் தம் குலத்தை இழந்தவராயினர். அவர்களுடைய துணிவையும் பொறுமையையும் எழுதிய கொலின்ஸ், அவர்கள் செய்த கொலையை மறைக்கவும் இல்லை, அதற்காக அவர்களை அரக்கராக்கவும் இல்லை. இந்தியப் பெருங் கிளர்ச்சி நடந்து பத்தாண்டே கழிந்த இங்கிலாந்திலே அவ்வாறு எழுதுவது எளிதன்று. 1850 ஆம் ஆண்டிலே, கத்தியவாரிலிருந்து, பயணி மேர்த்வெயிற் கடிதம் எழுதுகிறார். நிலவொளியிலே மலைச்சாரல் முழுதும் வெண்ணிற ஆடை அணிந்த மக்கள் திரள். பாறையொன்றின் மேல் மூவர் நிற்கின்றனர். வைரத்தை மீட்டுக் கொணர்ந்தவர் அவர்கள். ஆயினும் இழந்த குலத்துக்குப் பிராயச்சித்தமாக மூன்று திசையில் யாத்திரை செல்லவேண்டும். இனி ஒருவரையொருவர் காணவும் ஆகாது. அவர்கள் தழுவிக்கொள்கின்றனர். கூட்டம் மூன்று இடத்திலே விலகி வழி விடுகிறது. மூவரும் திரும்பிப் பாராமல் நடந்து மக்கள் வெள்ளத்துள் மறைகின்றனர். அதன் பின்னரே திரை விலக, மானின் மேல் அமர்ந்த சந்திரதேவனின் நெற்றியிலே, றேச்சலின் ஆடையிலே ஒருநாள் மாலை மின்னிய அந்த மஞ்சள் வைரம் ஒளிர்கிறது.